மூன்று சான்றுகள்

லைமன் கோஃபியின் மேசைக்கு அன்று காலை நான்காவது மக்ரோனித் தட்டு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் அவர் தோளைத் தொட்டுவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

வெர்மான்ட்டின் அந்த அகராதி அலுவலகத்தில் யாரும் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதிச் சுற்றுக்கு விடுவார்கள்; படித்தவர் ஓரத்தில் கையெழுத்திடுவார்.

திங்களன்று லைமன் ‘டெவஸ்டேட்டிங்’ என்ற சொல்லுக்குப் பொருள் எழுதினார். அடியோடு நாசமாக்குகிற, மீள முடியாதபடி நொறுக்குகிற. வெள்ளத்துக்கும் போருக்கும் சொல்வது. இப்போது ஒரு புன்னகைக்குக்கூடச் சொல்கிறார்கள். எடுத்துக்காட்டு ஒன்று வேண்டும். களைப்பில், ‘மனைவி விட்டுப் போனது அவருக்கு டெவஸ்டேட்டிங்காக இருந்தது’ என்று எழுதிவிட்டார்.

சீட்டு ஏழு கையெழுத்துகளோடு திரும்பியது. கீழே, ‘நாங்க இருக்கோம்.’ மறுநாளே மக்ரோனி வரத் தொடங்கியது; துக்கத்தில் இருப்பவருக்கு அந்த ஊரில் சமைத்துக் கொடுப்பது அதுதான்.

சனிக்கிழமை ஆண்டு விருந்து. இந்த முறை மனைவி ஆர்டித்தும் வருவாள். அவள் எதிரிலேயே யாராவது அவருக்கு ஆறுதல் சொன்னால் அவள் என்ன நினைப்பாள்? அதற்குள் இதை முடித்தாக வேண்டும். லைமன் மறுப்புச் சீட்டு எழுதினார்.

தலைமைப் பதிப்பாசிரியர் பீல் பதில் எழுதினார்: ‘முதலில் எல்லாரும் மறுக்கத்தான் செய்வோம். விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.’

எடுத்துக்காட்டில் ‘மனைவி’யை அடித்துவிட்டு ‘வெள்ளம்’ என்று திருத்தினார் லைமன். பக்கத்து மேசை புரூடென்ஸ் எழுந்தே வந்துவிட்டாள்.

"வெள்ளம்னு மாத்திட்டீங்களாமே. தினமும் அழறீங்களா?"

"என் மனைவி வீட்லதான் இருக்கா, புரூடென்ஸ்."

"சான்று?"

"நான் சொல்றேனே."

"அது ஒண்ணு. அவங்க போனதுக்கு ஃபைல்ல மூணு சீட்டு இருக்கு: உங்க எடுத்துக்காட்டு, உங்க மறுப்பு, இப்போ இந்த வெள்ளம். மூணு சான்று இருந்தா ஒரு சொல்லை அகராதியிலயே சேர்த்துடுவோம். உங்களுக்குத் தெரியாததா?"

லைமன் வீட்டுக்குத் தொலைபேசினார். "வெள்ளிக்கிழமை மதியம் ஆபீஸ் பக்கம் வர முடியுமா, ஆர்டித்?"

மறுமுனையில் நெடுநேரம் சத்தமில்லை. அவர்கள் வீட்டில் அது வழக்கம்தான்.

"வெள்ளிக்கிழமையா? சரி. எனக்கும் அந்தப் பக்கம்தான் வேலை."

வந்தாள், நீலக் கோட்டில். அவளை அங்கே யாரும் பார்த்ததில்லை. ஐந்து நிமிடத்தில் ஒரு சீட்டு சுற்றி வந்தது: ‘இதுக்குள்ள இன்னொருத்தியா?’ நான்கு கையெழுத்துகள்.

ஆர்டித் அதை எடுத்துப் படித்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை லைமன் கேட்டு வருடங்கள் ஆகியிருந்தன. அவர் பென்சிலை வாங்கி அடியில் எழுதினாள்: ‘பழையவள்தான். இருபத்தாறு வருஷமா.’

பீல் அறையை விட்டு வெளியே வந்து கைகுலுக்கினார். புரூடென்ஸ் மூன்று சீட்டுகளையும் கிழித்துப் போட்டாள். அலுவலகம் நிம்மதியாக மௌனத்துக்குத் திரும்பியது.

இருவரும் மக்ரோனி தின்றார்கள். வாரம் முழுக்க அழுத்திய ஏதோ ஒன்று லைமனை விட்டு இறங்கியது.

"நாளைக்கு விருந்துக்கும் இந்தக் கோட்டையே போட்டுக்கோ. நல்லாருக்கு," என்றார்.

ஆர்டித் முள்கரண்டியை மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வரவேற்பறை நோர்மா கதவருகே தலையை நீட்டினாள்.

"மிஸஸ் கோஃபி, டாக்ஸி வந்தாச்சு. நீங்க என்கிட்ட வெச்சிருந்த ரெண்டு பெட்டியையும் ஏத்திட்டேன், பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு."