கிண்ணம் நிறைய டீ

எல்தியார் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. விருந்தாளியின் முகத்தைத்தான் பார்த்தான். மல்யுத்தப் பயிற்சியாளர் சகின் ஒரு வாரமாகப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தது அது: முகத்தைப் பார்க்கணும், வலது கையால் நீட்டணும், இடது கையை நெஞ்சில் வைத்துக் கொஞ்சம் குனியணும். குனிந்ததெல்லாம் பிரமாதம். டீதான் கிண்ணத்தின் விளிம்பு வரைக்கும் வந்து நின்றது.

சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த அணிப் பையன்கள் வாயில் போட்ட ரொட்டியை மெல்ல மறந்தார்கள்.

நாரின் என்ற அந்த மலையூரில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், விருந்தாளிக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்ற வேண்டும். அரைக் கிண்ணம் என்றால், இருங்கள், திரும்பத் திரும்ப ஊற்றுகிறேன் என்று அர்த்தம். முழுக் கிண்ணம் என்றால், குடித்துவிட்டு நடையைக் கட்டுங்கள் என்று அர்த்தம்.

நடையைக் கட்டச் சொல்லக்கூடிய ஆளா வந்திருந்தவர்? கெங்கேஷ் அகாய். வாத்தியார்களையும் பயிற்சியாளர்களையும் அழைப்பதுபோல நாடே அவரை அகாய் என்றுதான் அழைக்கும். பல்கலைக்கழக மல்யுத்தப் போட்டிகளின் ஒழுங்குக் குழுவுக்கு அவர்தான் தலைவர். அவர் தலையாட்டினால்தான் ஒரு அணி மேடை ஏற முடியும்.

போன வருஷம் எல்தியார் ஒரு புள்ளியில் தோற்றான். தோற்றது குற்றமில்லை. எதிராளியின் பயிற்சியாளர், வயசில் பெரியவர், நீட்டிய கையை நீட்டியபடியே விட்டுவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கிப் போனானே, அதுதான் குற்றம். அணி மொத்தத்தையும் நிறுத்திவைத்தார்கள். இந்த வருஷம் விடலாமா என்று பையன்களின் நடத்தையைப் பார்த்துச் சொல்லத்தான் கெங்கேஷ் வந்திருந்தார். எல்தியாருக்கு இது கடைசி வருஷம். தான் கெட்டது போகட்டும், தன்னால் மற்றப் பையன்களும் கெட்டார்களே என்ற நினைப்புத்தான் அவனை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

"மரியாதை தெரியாதவன்னுதானே உன்னைச் சொன்னாங்க? நீயே டீ ஊத்து. நல்லாப் பாத்துட்டுப் போகட்டும்" என்று யோசனை சொன்னவர் சகின். நல்லாத்தான் பார்த்தார் மனுஷன்.

கெங்கேஷ் ததும்பும் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவமானம் தாங்காமல் பார்க்கிறார் என்று சகின் நினைத்துக்கொண்டார். பையனைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். எல்தியாருக்குப் புரிந்துவிட்டது. பாதியைக் குறைத்துவிடலாம் என்று அவசரமாகக் கிண்ணத்தைத் திரும்ப வாங்கினான். கொடுத்ததைப் பிடுங்கினால் எப்படி? அந்தப் பெரிய கையில் சின்னக் கிண்ணம் வழுக்கி, டீ முழுக்கக் கெங்கேஷின் முழங்காலில் கொட்டியது.

நல்லவேளை, கொதிக்கவில்லை. பரவாயில்லை, பரவாயில்லை என்று கெங்கேஷ் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிரைவர் சத்தார் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல ஜாம் தொட்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

சகின் எல்தியாரைக் கதவோரம் தள்ளிக்கொண்டு போனார். பல்லைக் கடித்துக்கொண்டு, இனிமேல் சாப்பாட்டு விரிப்புப் பக்கமே வராதே, வாசலில் நின்று ஏதாவது உருப்படியாகச் செய் என்றார்.

வாசலில் செருப்புகளும் பூட்ஸுகளும் கிடந்தன. கெங்கேஷின் பூட்ஸில் பனிச்சேறு. ஐயோ பாவம், இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று எல்தியார் தன் துண்டாலேயே துடைத்துப் பளபளப்பாக்கினான். பெரியவர் குனிந்து சிரமப்படக் கூடாது, காலை நேராக நுழைக்க வேண்டும் என்று நுனி வெளியே பார்க்க ஜோடியாக வைத்தான். வீட்டில் அப்பா அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். புறப்படுகிற பெரியவர்களுக்கு அப்படித்தான் வைக்க வேண்டும். இவர் இன்னும் புறப்படவில்லை என்பது அவனுக்கு உறைக்கவேயில்லை.

கதவு திறந்திருந்தது. எல்லோர் கண்ணும் பூட்ஸில் போய் விழுந்தது. கெங்கேஷும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

சகின் பேச்சை மாற்றப் பார்த்தார். ஆடு வெந்துகொண்டிருக்கிறது, மரியாதைக்குத் தலை அகாயுக்குத்தான், அதற்கப்புறம் கறியும் நூடுல்ஸுமாகப் பெஷ்பர்மாக், அதற்கப்புறம் புளித்த குதிரைப்பால் குமிஸ் என்று அடுக்கிக்கொண்டே போனார். கெங்கேஷ் வாயைப் பொத்திக்கொண்டார். கோபத்தை அடக்குகிறார் என்று சகின் அவசரமாகப் பேச்சை நிறுத்தினார்.

அந்த நேரம் பார்த்துக் கெங்கேஷ் நனைந்த முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். அதை வாசலிலிருந்து பார்த்தவனுக்கு மனசு கேட்கவில்லை. என்னால்தானே அவருக்குக் குளிர்கிறது? கொக்கியில் தொங்கிய அவருடைய ஆட்டுத்தோல் கோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். முழங்காலில் போர்த்தத்தான் நினைத்தான், சத்தியமாக. குனிந்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தான்.

கிண்ணம் நிறைய ஊற்றியாயிற்று, பூட்ஸை வாசல் பார்க்க வைத்தாயிற்று, இப்போது கோட்டும் வந்தாயிற்று. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதுதான் பாக்கி.

சகின், "அகாய், அவன் அப்படி நினைச்சு…" என்று ஆரம்பிப்பதற்குள் கெங்கேஷ் எழுந்துவிட்டார். கோட்டின் கைக்குள் கையை நுழைத்தார். நின்றபடியே உள்ளங்கைகளை ஏந்தி ஆசி சொல்லி, "ஓமின்" என்று முகத்தைத் தடவினார். அதற்கப்புறம் யார் என்ன பேச முடியும்? ஆசி சொல்லி முடித்தால் விருந்து முடிந்தது. ஆட்டுத்தலை வெந்ததோ வேகவில்லையோ, எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டு எழ வேண்டியதுதான். பூட்ஸில் கால் நுழைந்த வேகத்தில் கெங்கேஷ் காருக்குள் இருந்தார். சத்தார் கையில் ரொட்டியோடு பின்னால் ஓடினார்.

கார் கிளம்பிப் போயிற்று. சமையற்கட்டிலிருந்து ஆட்டுத்தலை ஆவி பறக்க வந்து சேர்ந்தது. அதைப் பார்க்கவே யாருக்கும் தைரியமில்லை.

சகின் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நீ நல்ல பையன்டா எல்தியார். ஆனா இனிமே யாருக்கும் மரியாதை மட்டும் பண்ணிடாத" என்றார்.

பையன்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருத்தனும் திட்டவில்லை, அதுதான் எல்தியாரை உலுக்கிவிட்டது. அந்த மலைபோன்ற உடம்பு சகின் பக்கம் திரும்பியது. "அகாய், என் பேரை எடுத்துடுங்க. நான் இல்லன்னா இவங்களையாவது விடுவாங்க. நானே போய்ச் சொல்லிடறேன்."

பதிலுக்கு நிற்கவில்லை. வெறும் காலுறையோடு பனியில் இறங்கி ஓடினான். தெருமுனை தாண்டவில்லை, அதே கார் எதிரே திரும்பி வந்தது. உள்ளே கெங்கேஷ் இல்லை. சத்தார் மட்டும்தான். எல்தியார், என்ன சொல்ல வந்தோம் என்பதே மறந்துபோய் காரின் பின்னாலேயே திரும்பி நடந்தான்.

வாசலுக்கு ஓடிவந்த சகின், அகாய் ரொம்பக் கோபமாக இருக்கிறாரா என்று கேட்டார்.

சத்தார் கண்ணாடியை இறக்கினார். அணிக்கு அனுமதி கொடுத்தாயிற்று, அகாய் அடுத்த தெரு விடுதியில் போனதும் படுத்துவிட்டார் என்றார். பிறகு எல்தியாரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு இன்னும் ரெண்டு காலேஜ்ல விருந்து இருக்கு. போன எடத்துல எல்லாம் பாதிராத்திரி வரைக்கும் அகாய எந்திரிக்கவே விடல. டீ ஊத்த இந்தத் தம்பிய எங்ககூட அனுப்பி வைப்பீங்களான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."