ஒன்பதில் நின்ற பலகை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்துக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவன் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். பொய் எழுத மனம் வரவில்லை. எனக்கு முழங்கால் வலி, என் மனைவி என்னோடு பேசுவதில்லை, உங்கள் மகன் யாரோடும் பேசுவதில்லை. மற்றபடி நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பியிருந்தேன், தங்கள் அஞ்சலட்டை வரும்வரை.

அட்டை என்பதால் தபால்காரரும் படித்துவிட்டார். "முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுடைய மகன், பதின்மூன்று கோல் வாங்கிவிட்டு ஒன்பது என்று தொலைக்காட்சியில் சொல்கிறான். மீதி நான்கு எங்கே போயிற்று? பதில் வரும்வரை அவனோடு எனக்குப் பேச்சில்லை" என்று எழுதியிருந்தீர்கள். தபால்காரர் அட்டையை என் கையில் கொடுத்துவிட்டு, "சார், நானும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார். அந்த நான்கு எங்கே போயிற்று என்று இந்த நாட்டில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

ஆசிய நாடுகளின் கால்பந்துக் கோப்பைக்கான தகுதிச் சுற்று நம் மைதானத்தில் நடக்கப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்தே நாட்காட்டித் தாளைக் கிழிப்பதையே நான் நிறுத்திவிட்டேன். எதிரணி எவ்வளவு பெரிய நாடு என்பது தங்களுக்குத் தெரியும். அவர்களுடைய ஆட்டக்காரர்களுக்கு ஆட்டம்தான் வேலை. நம்முடைய அணியில் ஒருவர் பேருந்து நடத்துனர், இருவர் தச்சர்கள், ஒருவர் பல் மருத்துவர், உங்கள் மகன் குடிநீர் அலுவலகத்தில் வீடுவீடாகப் போய் மீட்டர் பார்க்கிறவர். காலையில் இருநூறு மீட்டர் குனிந்து பார்த்த இடுப்போடு மாலையில் கோல் கம்பத்துக்கு நடுவே நிற்கிறவரிடம் நாம் எவ்வளவுதான் எதிர்பார்க்க முடியும்? ஆட்டத்துக்கு முந்தைய நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவராகவே சொன்னார்: "மாமா, கோச் சொல்லிட்டார். ஒற்றை இலக்கத்துல நிறுத்திட்டா போதுமாம், ஜெயிச்ச மாதிரியாம். பத்தைத் தொட்டா கீப்பரை மாத்திடுவாராம்." சொல்லிவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் பெரிய மனுஷனாட்டம், "பத்தெல்லாம் வராது மாப்பிள்ளை, நான் மேலேதானே இருக்கேன்" என்று சொல்லிவைத்தேன். மேலே இருந்து நான் என்ன கிழிக்கப்போகிறேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

என் உத்தியோகத்தைப் பற்றித் தாங்கள் பெண் பார்க்க வந்தபோது, "ஸ்கோர் போர்டா? அதுக்கு ஒரு ஆளா?" என்று கேட்டீர்கள். அப்போது எனக்குச் சற்று வருத்தம்தான். ஆள் வேண்டும் சம்பந்தி. கிழக்குப் பக்கத்துப் பார்வையாளர் மாடத்துக்கு மேலே, இருபத்திரண்டு படி இரும்பு ஏணியில் ஏறிப்போனால் அந்தப் பலகை. இரண்டு அணிக்கும் ஆளுக்கொரு கொக்கி. தகரத்தில் வெள்ளை பெயிண்டால் எழுதிய எண்கள், பக்கத்துக்குப் பத்து, பூஜ்யத்திலிருந்து ஒன்பதுவரை. எதிரணியின் ஒன்பதைப் புல்வெட்டுகிறவர் எலிப்பொந்தை அடைக்க எடுத்துக்கொண்டு போய்விட்டதால் ஆறைத் தலைகீழாக மாட்டுவது வழக்கம். ஆளுக்கொரு கொக்கிதான் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். இதைச் செய்த தச்சர் நல்ல மனிதர். பத்து கோல் வாங்கும் ஒரு நாடு இருக்கும் என்று அவர் கெட்ட கனவிலும் நினைத்திருக்கவில்லை. பத்து வந்தால் கொக்கிக்குப் பக்கத்தில் ஒன்று என்று எழுதிய தகட்டைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். அதற்காகக் கம்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஏறினேன். வீட்டில் அந்தக் கம்பியைத் தேடும்போது, "எதுக்குங்க கம்பி?" என்று கேட்ட மனைவியிடம் கொடி கட்ட என்று சொல்லிவைத்தேன்.

பிற்பகல் மூன்றரைக்கு ஆட்டம் தொடங்கியது. நான்காவது நிமிடத்தில் முதல் கோல். நான் ஒன்றை மாட்டிவிட்டு உட்காருவதற்குள் இரண்டு. அதற்குப் பிறகு உட்காரவே இல்லை. ஒலிபெருக்கிக்காரர் ஐந்தாவது கோலோடு வாயை மூடிக்கொண்டார். மைதானத்தில் கணக்குச் சொல்ல என் பலகையைத் தவிர வேறு நாதி இல்லை. ஆறாவது கோலைப் பல் மருத்துவரே நம் வலைக்குள் அடித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பந்து அவர் மேல் பட்டது, அவர் அதன் மேல் படவில்லை. ஆறு, ஏழு, எட்டு, மறுபடியும் ஆறை எடுத்துத் தலைகீழாக மாட்டி ஒன்பது. அப்போது இன்னும் இருபத்தைந்து நிமிடம் பாக்கி. என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான இருபத்தைந்து நிமிடத்தை நான் பார்த்ததில்லை.

ஐந்து நிமிடம் உங்கள் மகன் நின்ற நிலை இருக்கிறதே, தாங்கள் பார்த்திருக்க வேண்டும். நெஞ்சில் ஒன்று, முழங்காலில் ஒன்று, முகத்தில் ஒன்று என்று தடுத்துக்கொண்டே இருந்தார். பிறகு பத்தாவது விழுந்தது. அவர் முகம் குப்புறக் கிடந்தார். நான் ஆறைத் திருப்பிய அதே கையால் பூஜ்யத்தை எடுத்தேன், இன்னொரு கையில் ஒன்று, பல்லில் கம்பி. கீழே அவர் எழுந்தார். வலைக்குள் போய்ப் பந்தை எடுத்தார். திரும்பிப் பலகையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தாரா, என்னைப் பார்த்தாரா, அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. முகமெல்லாம் மண். சம்பந்தி, என் மகளைக் கைபிடித்த அன்று என்னைப் பார்த்துக் கும்பிட்ட அதே முகம். கையிலிருந்த இரண்டு தகடுகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. நான் எதையும் தவறாக மாட்டவில்லை, எதையும் மாட்டவில்லை. ஒன்பது ஒன்பதாகவே நின்றது. பதினொன்று வந்தது, பன்னிரண்டு வந்தது, பதின்மூன்றும் வந்தது. நான் முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கினவன் மாதிரி நின்றேன். பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்ததால் மைதானச் செயலாளருக்குத் தெரியவில்லை. பார்த்தவர்களோ பத்தாவதை நடுவர் ஒப்புக்கொள்ளவில்லை போலும் என்று தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் தொலைக்காட்சிக்காரர் உங்கள் மகனுடைய வாய்க்கு முன்னால் மைக்கை நீட்டி, "பதிமூணு கோல் வாங்கியிருக்கீங்க, எப்படி இருக்கு?" என்று கேட்டார். நல்ல கேள்வி. உங்கள் மகன் நிமிர்ந்து, "ஒன்பதுங்க. போர்டைப் பாருங்க" என்றார். கேமரா திரும்பியது. நாடு முழுக்க ஒன்பதைப் பார்த்தது, அதற்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற என்னையும் பார்த்தது. சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டிருந்தேன் என்று என் மனைவி சொன்னாள். அவள் என்னோடு கடைசியாகப் பேசியது அதுதான்.

அன்றிலிருந்து மானம் கப்பலேறிவிட்டது. மாப்பிள்ளை மீட்டர் பார்க்கப் போனால், "தம்பி, பதிமூணு ஓடியிருந்தா ஒன்பதுன்னு எழுதிக்கோங்க, உங்களுக்குப் பழக்கம்தானே" என்கிறார்களாம். இரண்டு நாள் போனார். மூன்றாம் நாள் விடுப்புக் கடிதம் கொடுத்துவிட்டு எங்கள் பின்கட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உங்கள் மருமகள் தட்டைக் கொண்டுபோய் வைக்கிறாள், பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வருகிறது. "என்னடி சொல்றார்?" என்று கேட்டால், "ஒண்ணும் சொல்லலப்பா, சுவரைப் பார்த்துட்டு இருக்கார்" என்று அழுகிறாள். இதற்கிடையில் செயலாளர், பலகை ஏன் ஒன்பதில் நின்றது என்று விளக்கம் கேட்டு எனக்கு ஒரு தாள் அனுப்பினார். கொக்கி துருப்பிடித்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் அதை நம்பிவிட்டார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை அணி புறப்படுகிறது. அடுத்த ஆட்டம் அந்தப் பெரிய நாட்டில், அவர்கள் மைதானத்தில். கோச் சொன்னபடி கீப்பரை மாற்றத்தான் பார்த்தார்; மாற்று கீப்பர் வேன் கதவில் விரலை நசுக்கிக்கொண்டுவிட்டார். ஆகவே உங்கள் மகனை விட்டால் ஆள் இல்லை. நேற்று கோச்சே வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து, "நான் வரல சார்" என்று மூன்றே வார்த்தை. நான் கூடத்தில் நாற்காலியோடு நாற்காலியாக உட்கார்ந்திருந்தேன். எழுந்துபோய், "மாப்பிள்ளை, எல்லாம் என்னால வந்த வினை" என்று சொல்ல வேண்டியவன் நான்தான். எழுந்ததோ, கோச்சை வாசல்வரை வழியனுப்பத்தான். பலகையை நம்பி ஊர் முன்னால் பேசின பிள்ளையிடம், அந்தப் பலகையே பொய் என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஆகவே தங்களிடம் என் விண்ணப்பம் இது. உங்கள் மகனுக்குக் கணக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் ஒரு மீட்டரைக்கூட அவர் தப்பாக எழுதியதில்லை. தப்பு என்னுடையது. தயவுசெய்து அவருக்கு நாலு வார்த்தை எழுதுங்கள். கணக்கு வாத்தியார் என்ற முறையில், பலகைதான் பிழை என்பதைத் தாங்களே கண்டுபிடித்ததாக எழுதுங்கள். நான் சொன்னதாக மட்டும் எழுத வேண்டாம். மாமனார் என்று அவர் இன்னும் என்மேல் கொஞ்சம் மரியாதை வைத்திருக்கிறார், அதையாவது விட்டுவையுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் பணிவான வணக்கங்கள். தங்கள் இளைய பிள்ளைக்கு விரைவில் நல்ல இடம் அமைய வேண்டும்; மாமனார் வேறு உத்தியோகத்தில் இருக்கட்டும். எல்லோரும் நோய் நொடியின்றி நீடூழி வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்குரிய,
இன்னமும் மேலே ஏறிக்கொண்டிருக்கும் சம்பந்தி

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை தேடி அடுத்த வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மாப்பிள்ளை தண்ணீர் குடிக்க வெளியே வந்தவர், உறைமேல் தன் தகப்பனார் பெயரைப் பார்த்துவிட்டு இந்தக் கடிதத்தை நின்றபடியே கடைசித் தாள்வரை படித்துக்கொண்டிருந்தார். என் கையில் பசை. ஓடவும் முடியவில்லை.

"மாமா, ஒவ்வொரு தடவையும் வலைக்குள்ள இருந்து பந்தை எடுத்தவன் நான். எத்தனைன்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

"அப்புறம் ஏன் மாப்பிள்ளை ஒன்பதுன்னு சொன்னீங்க?"

"தகட்டைப் பின்னால ஒளிச்சீங்களே, பார்த்தேன். நான் பதிமூணுன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே உங்களை ஏணியை விட்டு இறக்கியிருப்பாங்க. கொக்கி துருன்னு வேற எழுதிக் கொடுத்துட்டீங்க. வெளியில வந்தா நீங்க ஏதாவது கேப்பீங்க, நான் ஏதாவது சொல்லிடுவேன். அதான் உள்ளேயே இருந்துட்டேன்."

பசையை அவர் கையில் கொடுத்தேன். உறையை அவரே ஒட்டுகிறார். ஒட்டுவதற்கு முன் இதை எழுத விடுகிறார். ஆகவே மேலே நான் எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். அவருக்கு எதையும் விளக்கி எழுத வேண்டாம். அந்த நான்கு எனக்காகத்தான் போயிற்று. வெள்ளிக்கிழமை அவர் போகிறார். விமான நிலையம் போகும் வண்டி காலை பத்து மணிக்கு உங்கள் ஊர்க் கடைத்தெருவில் கொஞ்ச நேரம் நிற்குமாம். வந்து நில்லுங்கள் சம்பந்தி. அவரிடம் எண்ணிக்கை மட்டும் கேட்காதீர்கள்.