இறாலுக்கு எதிரான தீர்மானம்

இதனால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், செட்டிபாளையம் வாவி இறால் பிடிப்போர் சங்கத்தின் மாண்புமிகு தலைவர் நல்லரத்தினம் அவர்களின் திருமேனி இறாலை ஏற்க மறுத்துவிட்டது.

ஒலிபெருக்கியில் யாரும் இப்படி அறிவிக்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. திங்கட்கிழமை விடிய அவர் படலையைத் திறந்து எட்டிப் பார்த்தபோது, இமைகள் வீங்கி, நெற்றி சிவந்து, அவித்த இறாலின் நிறத்திலேயே இருந்தார். முதல்நாள் கூட்டம் முடிந்து அவர் இறால் கறியை வழித்துத் தின்றதை ஊரே பார்த்திருந்தது.

"இறால் தின்ன ஏலாத ஆள் இறால் சங்கத்துக்குத் தலைவரோ?" என்று சந்தியில் நின்று கேட்டார் உபதலைவர் ஜெயந்தன். கேள்வி பொதுவானதுதான். கண் மட்டும் தலைவர் அமரும் கதிரையில் இருந்தது.

கஞ்சி போட்ட வேட்டி, அறுபது தாண்டியும் நரைக்காத தலை, அந்தக் கதிரை. இவற்றைக் கழித்தால் நல்லரத்தினத்தில் மிச்சம் அதிகமில்லை. எனவே, மருத்துவபீடத்தில் படிக்கும் தங்கை மகள் கஜானியை அவசரமாக வரவழைத்தார்.

"உடம்புக்குள்ள காவல் செல் இருக்கு மாமா. அந்நியப் பொருள் ஏதும் வந்தா அதைப் பிடிச்சுத் துண்டாக்கி, ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் படைச் செல்லுகளுக்குக் காட்டும். ஆயிரம் பேர் நிண்டாலும், எதுக்கு அந்தத் துண்டு பொருந்துதோ அதுதான் பிடிக்கும்."

"பிடிச்ச உடனே அடியோ?"

"இல்ல. காட்டினது மட்டும் காணாது. கூடவே இன்னொரு சமிக்ஞையும் வேணும். அது கிடைக்காட்டிப் படைச் செல் சோர்ந்து படுத்திரும்."

தலைவரின் வீங்கிய கண்கள் விரியப் பார்த்தன. "ஒராள் முன்மொழிய, இன்னொராள் வழிமொழியவேணும். புள்ள, இது எங்கட சங்கமெல்லோ."

"அப்படியே வச்சுக்கொள்ளுங்க. வழிமொழிஞ்சா அந்தச் செல் பெருகும். வெளியில ஒண்டும் தெரியாது, ஆனா ஞாபகம் வச்சிருக்கும். மறுகா அதே பொருள் வந்தா விடாது."

தன் உடம்புக்குள்ளும் சங்க யாப்பு விதிகளின்படியே நிர்வாகம் நடப்பதை அறிந்து தலைவருக்குப் புல்லரித்தது.

"ஒண்டு மட்டும் இடிக்குது," என்றாள் கஜானி. "இறால் எண்டாச் சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்திலயே காட்டும். உங்களுக்கு விடிஞ்சுதானே வந்தது?"

"எண்ட உடம்பு பொறுப்பான உடம்பு, மகள். தீர்மானம் நிறைவேத்தித்தான் நடவடிக்கை எடுக்கும்."

"இஞ்சேருங்க, நான் ஒண்டு சொல்லட்டா?" என்று குசினியிலிருந்து வந்தார் மனைவி ஆச்சிப்பிள்ளை.

"அனுமதி வாங்காமச் சபையில பேசக்கூடாது," என்றார் தலைவர்.

வதந்தியை முறியடிக்க அவசரக் கூட்டம் கூட்டினார். எந்தக் கூட்டத்துக்கும் முதல்நாள் மாலை அறையைப் பூட்டிக்கொண்டு தயாராவது அவர் வழக்கம். பேச்சைப் பாடமாக்குகிறார் என்று ஊர் மதித்தது. இந்த முறை இறாலின் பக்கமே போகவில்லை. ஆனாலும் கூட்டத்துக்கு மறுநாள் வீக்கம் காதுவரை இறங்கியது.

"மணம் பட்டாலே போதுமாக்கும்," என்று முடிவு கட்டினார். இறால் சம்பல் போத்தல்கள் வெளியே போயின. கறிச்சட்டிகள் போயின. கொல்லையில் காய்ந்த வலையும் போயிற்று. ஆச்சிப்பிள்ளை மீண்டும் வாய் திறந்தார். மீண்டும் அனுமதி மறுக்கப்பட்டது.

உண்மையை விஞ்ஞானரீதியாக விளக்க இன்னொரு கூட்டம். அறை பூட்டப்பட்டது, பேச்சு அமர்க்களப்பட்டது. காவல் செல்லாகக் கையை உயர்த்தி, படைச் செல்லாக மேசையில் குத்தி, தலைவர் வியர்த்துக் கொட்டினார். மறுநாள் அவர் முகம் பூசணிக்காய். கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கோடுகள்.

இப்போது ஜெயந்தன் வெளிப்படையாகவே பதவி விலகச் சொன்னார். அன்றிரவு தலைவருக்கு அபாரமான யோசனை ஒன்று பிறந்தது. தானே இராஜினாமாவை முன்மொழிவது. சபை உருகும். எவரும் வழிமொழியமாட்டார்கள். விஷயம் சோர்ந்து படுத்துவிடும். விஞ்ஞானம் தன் பக்கம் இருக்க, ஜெயந்தன் எம்மாத்திரம்.

ஞாயிறு மாலை மண்டபம் நிரம்பி வழிந்தது. கஜானியும் வந்திருந்தாள்.

"அன்பான அங்கத்தவர்களே, இறாலுக்காக உழைச்ச இந்த உடம்பை இறாலே கைவிட்டிட்டு. நான் போறன். ஆராவது வழிமொழியிறீங்களா?"

சபை மூக்கை உறிஞ்சியது. ஒருவரும் அசையவில்லை. தலைவர் மனதுக்குள் கதிரையில் மறுபடி அமர்ந்தும்விட்டார். அப்போதுதான் ஜெயந்தனின் கை மெல்ல மேலே எழத் தொடங்கியது. ஆனால், பெண்கள் பக்கத்தில் ஒரு கை அதை முந்திக்கொண்டது.

"தலைவர் அவர்களே, பேச அனுமதி வேணும்."

ஆச்சிப்பிள்ளை. மனைவி அழுதால் மண்டபமே அழும். ஜெயந்தனின் கதை அத்தோடு முடிந்தது. தலைவர் இப்படித்தான் கணக்குப் போட்டார்.

"அனுமதி தந்தாச்சு. சத்தமாப் பேசுங்க."

"இறாலில குற்றமில்ல. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதல்நாள் இவர் கதவைப் பூட்டிப்போட்டுத் தலைமயிருக்கு டை அடிக்கிறவர். வீங்கிறது அதுக்குத்தான்."

"வழிமொழியிறன்," என்றாள் கஜானி.