கோட்டை அண்ணாச்சி சொன்ன பொய்

இல்லாத கோட்டையைச் சுற்றிக் காட்டி, வந்தவர்களை அதன் வாசலில் குனியவும் வைத்த மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான். அவர் தூத்துக்குடியில் ஒரு பஞ்சுக் கிட்டங்கியில் எடை பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தப் பெயர் என்னவோ, ஊருக்கு அவர் கோட்டை அண்ணாச்சி.

டச்சுக்காரரான ஒல்லாந்தர் அங்கே கட்டிய கோட்டையை இடித்துப் பல காலம் ஆகிவிட்டது. மிஞ்சியது மணல். அந்த மணலில் ஓரிடத்தில் அண்ணாச்சி சட்டென்று நிற்பார். "தலை பத்திரம் வே, வாசல் தணிவு" என்பார். கொழும்புக் கப்பலுக்குக் காத்திருக்கும் கனவான்கள் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு குனிவார்கள். நானும் குனிந்திருக்கிறேன். ஒருமுறை இடித்துக்கொண்டதாகக்கூட ஞாபகம்.

உண்மையில் கோட்டை எங்கும் போய்விடவில்லை. ஊருக்குள்தான் சிதறிக் கிடந்தது. இடித்த கல்லை ஆளாளுக்கு அள்ளிப் போயிருந்தார்கள். எந்தக் கல் எந்த வீட்டில் என்பது அண்ணாச்சிக்கு அத்துபடி. ஆகவே கோட்டையைப் பார்ப்பதென்றால் புறவாசல் புறவாசலாக ஏறி இறங்க வேண்டும்.

"பீரங்கி மேடை பாக்க வந்திருக்கோம் தாயி."

"ஈரச் சேலையோட துவைச்சுக்கிட்டு நிக்கேன். இப்பமா வாரது அண்ணாச்சி?"

"நீ பாட்டுக்கு அதுமேல துவை. நாங்க கண்ண மூடிக்கிட்டுப் பாக்கோம்."

பீரங்கியோ தெருமுனையில் வாய் மண்ணில் புதையத் தலைகீழாக நின்றது. யாரோ அதில் ஆடு கட்டியிருந்தார்கள். "மருந்து நனைஞ்சிருக்கும், பயப்படாம வாங்க" என்று ஆட்டை ஒதுக்கிவிடுவார்.

நான் பாளையங்கோட்டையில் சர்க்கார் கச்சேரிக் குமாஸ்தா. கப்பலில் வந்து இறங்குகிறவர்கள் பார்க்கத்தக்க புராதன இடங்கள் எவையென்று ஒருநாள் எங்கள் வெள்ளைக்காரத் துரை கேட்டார். "தூத்துக்குடியில் எனக்குத் தெரியாத சந்து கிடையாது" என்று வாய் சொல்லிவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ரயிலடியும் அதன் எதிரே இருந்த காப்பிக் கடையும்தான். மூன்று நாளில் எல்லாவற்றையும் பட்டியலிட்டு ஜாபிதா வேண்டும் என்றார் துரை. அன்றைக்கே ரயில் ஏறினேன்.

காப்பிக் கடைக்காரர் காட்டிவிட்ட கோட்டை அண்ணாச்சிதான் காப்பாற்றினார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வாசல் வளைவின் கற்களெல்லாம் ஜாபிதாவில் வந்துவிட்டன, நடுவில் மேலே நிற்கிற உச்சிக்கல்லைத் தவிர. அதைக் கேட்டேன். என்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். ஒரு கல்லறையின் தலைமாட்டில், பாய்மரக் கப்பல் செதுக்கிய கல்.

"எங்க வீட்டுக்காரி" என்றார். "இந்தக் கல்லு எங்க புறவாசல்ல கெடந்தது. இதுமேல உக்காந்துதான் மீன் அரிவா. 'ஒம்ம கோட்டைய நாந்தான் ஆளுதேன்'னு ஏசுவா. வாந்திபேதியில ஒரே நாள்ல போயிட்டா. வேற எத வைக்க?"

கேட்கக் கேட்க எனக்குக் கண் கலங்கியது. ஆனால் பென்சில் கலங்கவில்லை, அதையும் எழுதிவிட்டது. ஒரு கல் விட்டுப்போனால் துரை என்ன சொல்வாரோ என்ற பயம்.

ஜாபிதாவைப் பார்த்த துரைக்கு உற்சாகம் பிறந்தது. கற்களைச் சேர்த்து, வாசலைக் கடற்கரையில் பழையபடி நிறுத்தச் சொன்னார். புதுக்கல் ஒன்றுகூடக் கலக்கக் கூடாது. அண்ணாச்சிக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. "வாசல் நிக்கப் போவுது வே!" என்று எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார். வண்டி வண்டியாகக் கல் வந்து மணலில் இறங்கியது. ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து வரிசை வைத்தார். உச்சிக்கல்லைப் பற்றி மட்டும் பேசவில்லை. அதை நான் எழுதியிருக்க மாட்டேன் என்று நம்பினார் போலும்.

துரை வந்து ஜாபிதாவைப் புரட்டினார். "உச்சிக்கல் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறதாமே? ஆள் அனுப்பிப் பெயர்த்து வரச் சொல்லுங்கள்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போனார்.

"அது கோட்டைக் கல்லு இல்ல தொரை. நான் சும்மா அளந்தது."

"அப்படியானால் இவை?"

மணலில் கிடந்த கற்களை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை ஒருதரம் பார்த்தார்.

"இதுவும் பொய்தான் தொரை. எல்லாமே பொய்."

துரை என் பக்கம் திரும்பினார். உண்மையைச் சொன்னால் கல் போகும். பொய்யென்று தெரிந்தே எழுதினேன் என்றால் உத்தியோகம் போகும்.

"ஆள் கொஞ்சம் பைத்தியம் துரை. நான் ஏமாந்துவிட்டேன்."

அண்ணாச்சி வேகவேகமாகத் தலையை ஆட்டி ஆமோதித்தார். கூட்டம் சிரித்தது.

கற்கள் அவரவர் புறவாசலுக்குத் திரும்பிவிட்டன. "வாசல் எங்கன அண்ணாச்சி?" என்று யாராவது சீண்டினால், "எந்த வாசல்?" என்று கேட்டுவிட்டுத் தராசைப் பார்த்துக்கொள்வார்.

சில வாரம் கழித்து மன்னிப்புக் கேட்கப் போனேன். கல்லறைத் தோட்டத்தில், கல்லில் படிந்த மணலைத் துண்டால் தட்டிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனத்தை ஆரம்பித்தேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான்..."

"நல்ல நேரத்துல சொன்னீரு வே. தொரை இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தாருன்னா, அத்தனை கல்லயும் ஒண்ணாப் பாத்த ஆசையில நான் உண்மையச் சொல்லியிருப்பேன்."

பைய நகர்ந்து இடம் விட்டார். "உக்காரும். ஆளு வந்தா அவளுக்குப் புடிக்கும்."

உட்கார்ந்தேன். தூரத்தில் சாயங்கால ரயில் ஊதியது. அதைத் தவறவிட்டால் மறுநாள் கச்சேரியில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் அவர் எழுந்திருக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.