குங்குமக் கலரில் ஏறிய மார்க்கெட்

செங்கல்பட்டில் பங்குச் சந்தையைக் கரைத்துக் குடித்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அதற்குத் தினமும் அலங்காரம் செய்து பார்த்தவர் 'செட்டிங்ஸ்' மாமா ஒருவர்தான்.

இரண்டாயிரங்களில் அங்கே ஒரு ஷேர் புரோக்கர் ஆபீசில் நான் ஆபரேட்டர். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து முதல் ஆளாக வந்துவிடுவார் மாமா. ஒரு ஷேர் வாங்கமாட்டார், விற்கமாட்டார். வாடிக்கையாளர்கள் பார்க்கிற பெரிய திரையில் விலை வரைபடத்தின் செட்டிங்ஸைத் திறந்து, கோட்டைத் தடியாக்குவார், கட்டத்தை அழிப்பார். வெள்ளிக்கிழமை பின்னணி கறுப்பாக இருந்தால் ஆகவே ஆகாது. மஞ்சளாக்கிவிட்டுத்தான் காபி.

மானேஜர் பொறுத்துப் பார்த்தார். "இன்னொரு தடவ கலர்ல கை வெச்சீங்கன்னா இங்க வரவே கூடாது" என்று சொல்லிவிட்டார். மாமாவின் முகம் செத்துவிட்டது. வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லாதவர். எங்களை விட்டால் அவருக்குப் போக்கிடம் ஏது? எனக்கு மானேஜர் மேல் எரிச்சலாக வந்தது.

சில நாள் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை வந்ததும் தாங்கவில்லை. விலை ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு என்றிருந்தது. "குங்குமம் என்ன கலர்டா? மங்களகரமான சிவப்பைப் போய் இறங்கறதுக்கு வச்சிருக்கானே!" என்று இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டார்.

அன்றைக்கென்று பார்த்துச் சந்தை தலைகுப்புற விழுந்தது. எல்லோரும் அலறியடித்து விற்றார்கள். ஆர்டர் போட எனக்குக் கை போதவில்லை. எங்கள் பெரிய வாடிக்கையாளர், கருங்குழியில் லாரிகள் வைத்திருக்கும் லாரி அண்ணன் மட்டும் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை மறந்து வந்தவருக்கு நிறம் மட்டுமே தெரிந்தது.

"இன்னாத்துக்கு அல்லாரும் பேஜார் பண்றாங்கோ? அதான் பச்சையா கீதே!"

மதியம் சந்தை திரும்பிக் கிடுகிடுவென ஏறியது. திரை முழுக்கச் சிவப்பு. அண்ணன் துள்ளி எழுந்தார். "ஐயோ, வுழுதுபா! அல்லாத்தயும் வித்துடு!"

விற்றேன். அன்றைய உச்ச விலை அது!

விஷயம் தெரிந்ததும் மானேஜர் மாமாவுக்கு வாசலைக் காட்டினார். அண்ணன் குறுக்கே வந்து நின்றார். "பெரியவர வெளிய அனுப்புனா, நானும் கணக்க மூடிட்டுப் போய்கினே இருப்பேன். அவரு வெச்சதுதான் கலரு!"

திங்கட்கிழமை காலை மானேஜரே நாற்காலியைத் துடைத்துப் போட்டு, மௌஸை மாமாவின் பக்கம் நகர்த்தினார். "இன்னிக்கு என்ன கலர் மாமா?"

மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். எந்த ஷேர் ஏறியும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.