கடலைத் துப்புரவாக்கிய நண்டண்ணை

யாழ்ப்பாணக் கடனீரேரியில் ஒரு நண்டு வீடு மாறினாலும் அது நண்டண்ணைக்குத் தெரியாமல் நடக்காது. எங்கள் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுகூட உதவியாளர் அவர். சொந்தப் பெயர் வரவுப் புத்தகத்தில் மட்டும் இருந்தது.

மாணவர்களைக் களப்பயணத்துக்குக் கூட்டிச் செல்வது போதனாசிரியரான என் வேலை. அவர்கள் தூக்கிய உயிரைத் தூக்கிய இடத்திலேயே திருப்பி வைக்கச் செய்வது அவர் வேலை.

"தம்பி, அந்த அட்டை மேற்கை பாத்துக்கொண்டெல்லோ கிடந்தது. திருப்பி வை."

"கடலட்டைக்கு முகம் எந்தப் பக்கம் அண்ணை?"

"தின்னுற பக்கம். உனக்கும் அதுதானே!"

கடலுக்குச் சொந்தமில்லாத எதையும் அவரால் கடலில் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. போத்தல், வலைத்துண்டு, ஒற்றைச் செருப்பு எல்லாம் அவருடைய உரப்பையில் ஏறும். கொழும்புத்துறைக் கரைக்குப் போன அன்று எங்களுக்கு முன்பே வந்திருந்தார்.

"எல்லாம் துப்புரவு சேர். ஆரோ விசரர் நட்டுவிட்ட தடியள் பன்ரெண்டையும் புடுங்கிப் போட்டன்."

மாணவி தர்சினி அப்படியே மணலில் குந்திவிட்டாள். "அண்ணை, அந்த விசரி நான்தான்."

அது அவளுடைய இறுதியாண்டு ஆய்வு. களப்பயணம் இல்லாத நாள்களில் தோழியோடு மட்டும் வந்து, தடி நின்ற பன்னிரண்டு இடங்களிலும் மாதாமாதம் கடற்புல்லை எண்ணிப் போவாள். ஐந்து மாதம் முடிந்து, அன்றுதான் கடைசி எண்ணிக்கை. இடம் தவறினால் ஐந்து மாதமும் வீண். மத்தியானக் காற்று எழும்பிவிட்டாலோ நீர் கலங்கி ஒன்றும் தெரியாது.

தடி நட்ட நாளில் கூட வந்து அளந்தவன் நான். பெருமையோடு குறிப்பேட்டைத் திறந்தேன். தடிக்குத் தடி தூரம் சென்ரிமீற்றரில் இருந்தது. முதலாவது தடி எங்கே நின்றது என்பது மட்டும் இல்லை. கைபேசி வரைபடம் காட்டிய இடமோ கரைக்கும் கடலுக்குமாக ஓடியது.

நண்டண்ணை சாரத்தை மடித்துக் கட்டினார். "அழாதை பிள்ளை. காலமை புடுங்கினது. சேறு இன்னும் வாய் மூடியிராது."

கண்ணை மூடிக்கொண்டு, கால் பெருவிரலால் அடிநிலத்தைத் தடவித் தடவி நடந்தார். "இஞ்சை ஒண்டு" என்று அவர் சொல்லச் சொல்ல, தர்சினி தடியை நட்டாள். நான் அளவுநாடாவோடு பின்னால் போனேன். தடிக்குத் தடி தூரம் எல்லாம் குறிப்பேட்டோடு ஒத்துப் போயின. காற்று எழும்ப முன் அவள் எண்ணி முடித்தாள்.

இனி அந்தத் தடிகள் வெறும் குப்பைதான். நண்டண்ணை கரையில் நின்று அவற்றையே பார்த்தார், தொடவில்லை.

"பிடுங்கேல்லையோ அண்ணை?" என்றேன்.

"பிள்ளை முதலிலை பாஸ் பண்ணட்டும் சேர்."

பெறுபேறு வந்த அன்று நண்டண்ணையும் நானுமாகப் போய், ஆளுக்கு ஆறாகப் பிடுங்கினோம்.