வெயிலில் ஆடிய வைப்பர்

டிப்ளமோ முடித்த ஒருவனை முதல் ஆறு மாதத்துக்கு ஸ்க்ரூடிரைவர் பக்கமே விடக் கூடாது. ஊரைப் பார்த்து இதைச் சொல்லவில்லை, என்னை வைத்துத்தான் சொல்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில், எலெக்ட்ரிகலில் முதல் வகுப்பும் கையில் பூஜ்யமுமாகத் தென்காசியில் வீட்டோடு கிடந்த காலத்தில், நான் தொட்ட எதுவும் உருப்பட்டதில்லை. வீட்டு ரேடியோவைத் திறந்து பார்த்தேன். மூடிய பிறகு அது சிலோனை மட்டும்தான் பிடித்தது. (அம்மாவுக்கு அதில் பரம சந்தோஷம், அது வேறு கதை.) அத்தோடு நிறுத்தியிருக்கலாம். விதி விடவில்லை. பெரியப்பாவின் காரில் கை வைத்தேன், அதுவும் கோமதி அக்காவின் கல்யாணத்துக்கு நாலே நாள் இருக்கும்போது.

அக்கா கல்யாணம் சும்மா வந்த கல்யாணம் இல்லை. அதற்கு முன் இரண்டு இடம் பேசி, இரண்டும் கடைசி நேரத்தில் தட்டிப் போயிருந்தன. மூன்றாவதாக ஆய்க்குடியிலிருந்து வந்த மாப்பிள்ளை பட்டாளத்தில் இருந்தார். ஆனி மாதக் கடைசி முகூர்த்தம், ஆய்க்குடி முருகன் கோயிலில், பத்தரை மணிக்குள் தாலி கட்டியாக வேண்டும். அதை விட்டால் ஆடி. ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? ஆவணிக்குள் மாப்பிள்ளையின் லீவு முடிந்து அவர் எங்கோ பனிமலைக்குப் போய்விடுவார். "இந்தத் தடவையும் ஏதாச்சும் ஆச்சுன்னா நான் இருக்க மாட்டேன்" என்று அம்மா தினம் மூன்று வேளை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெண் வீட்டுக் கூட்டம் முழுவதும் குற்றாலத்தில் பெரியப்பா வீட்டில் இறங்கியிருந்தது. வசதிக்காக என்று சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் சீசன் களைகட்டியிருந்தது. சொந்தக்காரர்கள் பாதிப்பேர் கல்யாணத்துக்கு வந்தார்களா, அருவிக்கு வந்தார்களா என்பது முருகனுக்குத்தான் வெளிச்சம்.

பெரியப்பாவின் காரை 'துரை கார்' என்பார்கள். செங்கோட்டைப் பக்கம் மலையில் எஸ்டேட் பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன பழைய வண்டி. உருண்டை முகம், பச்சை நிறம். காலையில் குளிர்ந்து கிடக்கும் இன்ஜினைக் கிளப்ப, டாஷ்போர்டில் சோக் என்று ஒரு குமிழை இழுக்க வேண்டும். இழுத்தால் கார்புரேட்டரின் வாயில் ஒரு தகடு மூடிக்கொண்டு காற்றைக் குறைக்கும், பெட்ரோல் கூடப் போகும், இன்ஜின் பிடித்துக்கொள்ளும். சூடானதும் குமிழை உள்ளே தள்ளிவிட வேண்டும். பெரியப்பா தள்ள மாட்டார். மறந்துவிட்டு, "ஏன்லே கார் இருமுது?" என்று என்னைக் கேட்பார். இழுத்து இழுத்து அந்தக் கம்பியும் ஒரு நாள் அறுந்து போயிற்று.

என் நல்ல நேரமா, காரின் கெட்ட நேரமா தெரியவில்லை, அதற்குச் சில வாரம் முன்புதான் மெட்ராசுக்கு ஓர் இன்டர்வியூவுக்குப் போய்த் தோற்றுத் திரும்பும் வழியில், பழைய கார் சாமான் விற்கும் தெருவில் ஓர் அதிசயத்தை வாங்கியிருந்தேன். எலெக்ட்ரிக் சோக் வைத்த கார்புரேட்டர். பக்கவாட்டில் கறுப்பு மூடி, அதற்குள் ஒரு சுருள். அதில் கரண்ட் பாய்ந்தால் சுருள் சூடாகி, தகட்டைத் தானே திறந்துவிடும். குமிழும் வேண்டாம், ஞாபகமும் வேண்டாம். கார்புரேட்டரைப் பொருத்தும் வேலையை மெக்கானிக்கிடம் விட்டேன். வயரிங் என் இலாகா என்று சொல்லிவிட்டேன். (சொன்ன தோரணையைப் பார்த்து மெக்கானிக் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தள்ளி நின்றார்.)

வேலை ரொம்பச் சின்னது. சாவியைத் திருப்பினால் கரண்ட் வர வேண்டும், சாவியை எடுத்தால் நிற்க வேண்டும். அப்படிப்பட்ட ஒரு வயரைக் கண்டுபிடித்து சோக்கோடு இணைத்தால் தீர்ந்தது. டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, கரண்ட் பட்டால் எரியும் டெஸ்ட் லைட்டை வைத்துத் துழாவினேன். துணி சுற்றிய பழங்கால வயர்கள், எல்லாம் ஒரே புழுதி நிறம். ஒன்றைத் தொட்டேன், பல்பு எரிந்தது. "பெரியப்பா, சாவியை எடுங்க" என்றேன். அணைந்தது. "திருப்புங்க." எரிந்தது. இணைத்தேன், கறுப்பு டேப் சுற்றினேன், எழுந்து தலையை முட்டிக்கொண்டேன்.

இதில் என்ன தப்பு என்கிறீர்களா? வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஆனி மாதக் குற்றாலத்தில் சாரல் நின்றால்தான் செய்தி. பெரியப்பா வைப்பர் ஸ்விட்சை சீசன் தொடங்கும் அன்று போடுவார், சீசன் முடியும் அன்று அணைப்பார். சாவியை எடுத்தால் வைப்பர் நிற்கும், திருப்பினால் ஆடும். நான் பிடித்தது வைப்பருக்குப் போகும் வயர். வைப்பரை ஒரு தடவை அணைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். குற்றாலச் சாரலில் வளர்ந்த எந்த மூளைக்கும் அது தோன்றாது என்று இன்றும் வாதாடத் தயார்.

அடுத்த மூன்று நாள் கார் தேராக ஓடியது. பெரியப்பா போகிற வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம பய வச்சது வே, கம்பி கிம்பி ஒண்ணும் கிடையாது, கரண்ட்டு!" என்றார். நான் அடக்கமாக நின்றேன். அடக்கமாக நிற்பதுபோல் நின்றேன் என்பதே சரி.

கல்யாணத்தன்று மற்றவர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். பெண்ணை துரை காரில் அழைத்து வருவதாக ஏற்பாடு. பெரியப்பா ஓட்ட, பட்டு வேட்டியில் நான் பக்கத்தில், பின்னால் அக்காவும் அம்மாவும். எட்டே முக்காலுக்கு நல்ல சாரலில் சாவியின் முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்தது. தென்காசி தாண்டியதும் சாரல் நின்று சுள்ளென்று வெயில். பெரியப்பா, "காஞ்ச கண்ணாடியில எதுக்குலே இது?" என்று வைப்பரை அணைத்தார். வருஷத்தில் ஒரு தடவை அணைப்பவர், அன்றைக்கென்று அணைத்தார்.

ஐந்தாறு நிமிஷம் போயிருக்கும். கார் ஒரு தடவை இருமியது. பிறகு தொடர்ந்து இருமியது. பின்னால் கரும்புகை. ஆய்க்குடிக்குப் பிரியும் விலக்குக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றே போயிற்று.

"பிளக்குதான்" என்று இறங்கினேன், யாரும் கேட்காமலே. நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினேன். நான்கும் கரி. பட்டு வேட்டியில் துடைத்து மாட்டினேன். கார் இரண்டு நிமிஷம் ஓடி, புகைந்து, நின்றது. மறுபடி கழற்றித் துடைத்து மாட்டினேன். மணி ஒன்பதே முக்கால் ஆயிற்று. பஸ் எதுவும் வருகிற மாதிரி இல்லை. புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றிய லாரி ஒன்று எதிரே வந்து நின்றது.

"ஆய்க்குடிக்கா? நான் கேரளாவுக்குலா போறேன் அண்ணாச்சி" என்றார் டிரைவர் வருத்தத்தோடு. மணப்பெண்ணைப் பார்த்ததும் மனசு கேட்காமல், ஒரு கை எலுமிச்சம்பழத்தை அள்ளி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா நான்கு சக்கரத்துக்கு அடியிலும் ஒவ்வொன்றாக வைத்தாள். கண்ணில் நீர் வழிந்தது. "ரெண்டு இடம் தட்டிப் போச்சு. மூணாவதை நீயே கெடுத்துட்டியேலே, சவத்து மூதி" என்றாள். அந்த வசவு எனக்கு வலிக்கவில்லை. சொல்லிக்கொண்டே அவள் எலுமிச்சையை இன்னும் கொஞ்சம் சக்கரத்துக்கு அடியில் தள்ளி வைத்தது வலித்தது.

அப்போதுதான் அக்கா கதவைத் திறந்துகொண்டு, தலை நிறையப் பூவோடு ரோட்டில் இறங்கினாள்.

"ஏலே, இங்கன வா. நாலு நாளா இதுலதான பூக்கடைக்கும் துணிக்கடைக்கும் போய்ட்டு வந்தேன். ஒரு நாளாச்சும் இருமிச்சா?"

"இல்லக்கா."

"இன்னைக்கும் தென்காசி வரைக்கும் இருமல. பெரியப்பா அந்தக் கம்பை நிப்பாட்டின பொறவுதான் இருமுது. அதைத் திரும்பப் போட்டுப் பாரு."

நான் சிரித்தேன். முதல் வகுப்பு சிரித்தது. "எக்கா, வைப்பருக்கும் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம்?"

சொல்லி வாயை மூடவில்லை, டாஷ்போர்டுக்கு அடியில் நான் சுற்றிய கறுப்பு டேப் கண்முன் வந்தது. வைப்பர் நின்றால் சோக்குக்குக் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லையென்றால் சுருள் ஆறும், தகடு மூடும், இன்ஜினுக்கு மூச்சு முட்டும். சம்பந்தம் பேசி முடித்தவனே நான்தான்.

"பெரியப்பா, வைப்பரைப் போடுங்க" என்றேன்.

சாவியைத் திருப்பிவிட்டு இரண்டு நிமிஷம் காத்திருந்தோம். கொளுத்தும் வெயிலில், காய்ந்த கண்ணாடியில் இரண்டு வைப்பரும் கிறீச் கிறீச்சென்று ஆடின. பெரியப்பா ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்து ஸ்டார்ட் செய்தார். ஒரு பெரிய புகை மூட்டையை விட்டுவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. நான்கு எலுமிச்சையும் நசுங்க கார் நகர்ந்தது. "பாத்தியாலே, எலுமிச்சம்பழம்!" என்றாள் அம்மா. கடைசிவரை அவள் அந்தக் கட்சிதான்.

ஆய்க்குடித் தெருவுக்குள் நாங்கள் நுழைந்த காட்சி இருக்கிறதே! வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. கார் வைப்பரை ஆட்டிக்கொண்டு வருகிறது. வழியில் நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், மறுபடி எங்களைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் எதற்கும் இருக்கட்டும் என்று குடையை விரித்தார்.

பத்து மணி பத்து நிமிஷத்துக்குக் கோயில் வாசலில் இறங்கினோம். மாப்பிள்ளையின் அம்மா, "எதுக்கு இந்த வெயில்ல அது ஆடுது?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால், அந்த வீட்டில் காலத்துக்கும் நான் தலை நிமிர்ந்திருக்க முடியாது.

"எங்க தம்பி புதுசா வச்சது அத்தை. மழையானாலும் வெயிலானாலும் ஓடும்" என்றாள். புதுப்பெண் குரலில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை. அந்த அம்மா என்னை மரியாதையாகப் பார்த்தார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் நற்சான்றிதழ் அது, அதற்குக் கொஞ்சமும் தகுதியில்லாதபோது கிடைத்தது.

தாலி ஏறியது. பெண்ணின் தம்பி பொரி போட வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கழுவியும் போகாத கரி. வெள்ளைப் பொரி என் கையில் எள்ளுப் பொரி ஆயிற்று. அத்தான் குனிந்து பார்த்து, மெதுவாகக் கேட்டார்:

"கிரீஸா மாப்ளே?"

"கார்பன், அத்தான்."

நாங்கள் பேசிய முதல் பேச்சு அதுதான். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு முறைக்கும் அளவுக்கு அவர் சிரித்தார்.

மறுநாள் காலை நடுக்கத்தோடு குற்றாலம் போனேன். பெரியப்பா திட்டவில்லை. காரின் முன் கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரை என் கையில் கொடுத்தார். "நீ மாட்டினதுதான? நீயே சரி பண்ணு. மெக்கானிக் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போய்விட்டார். வைப்பர், லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சாவிக்கு மட்டும் கட்டுப்படும் வயரைத் தேடி எடுத்தேன். அரை நாள் ஆயிற்று. அதன் பிறகு அந்த சோக் ஒரு நாளும் தகராறு செய்யவில்லை. அன்று அவர் ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கி வைத்திருந்தால் நான் வேறு ஏதாவது பிழைப்புக்குப் போயிருப்பேன். முப்பது வருஷத்துக்கு மேல் வயரோடுதான் சோறு தின்றேன். அது அவர் போட்ட சோறு என்றே நினைக்கிறேன்.

அத்தானின் அறுபதாம் கல்யாணத்துக்கும் ஆய்க்குடி கோயில்தான். வாடகைக் காரில் போனோம். அத்தானும் நானும் பின்னால், அக்கா முன்னால். மண்டை பிளக்கும் வெயில். வண்டி கிளம்பும் முன் அக்கா டிரைவரிடம், "தம்பி, வைப்பரை ஒரு ஆட்டு ஆட்டிக்கோ" என்றாள். எங்கள் குடும்பத்தில் இப்போது இது வழக்கம். நல்ல காரியத்துக்குக் கிளம்பினால், பிள்ளைகள்கூடக் காரணம் கேட்காமல் செய்கிறார்கள்.

டிரைவருக்கு அது எப்படித் தெரியும்? "மழை இல்லையேம்மா?" என்றார்.

"மழைக்கு இல்லப்பா. எந்தம்பி பின்னால உக்காந்திருக்கான்லா, அதுக்கு" என்றாள் அக்கா.